அறுபதுக்கும் அறுபத்தொன்றுக்கும் நடுவே

கஜகஸ்தானின் கரகாண்டா நகரில், நகராட்சி வீடுகளுக்குத் தேர்வான ஆறாயிரம் பேரின் பட்டியலை இணையத்தில் போடும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. குலுக்கல் வரிசையில், பக்கத்துக்கு இருபது பேர். மூன்று நாளுக்குள் தன் பெயரைக் கண்டுபிடித்து, பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தி உறுதி செய்யாவிட்டால் வீடு அடுத்தவருக்குப் போய்விடும்.

பெயர் தேடும் பெட்டி சர்வருக்குப் பாரம் என்று முதலாளி பெய்பித் அதை எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.

பக்கம் புரட்டுவதை நான் சோம்பேறித்தனமாக எழுதியிருந்தேன். அறுபத்தோராம் பக்கம் வேண்டுமென்றால், தளம் முதல் பெயரிலிருந்து ஆயிரத்திருநூறு பேரை எண்ணித் தள்ளிவிட்டுத்தான் காட்டும். போகப்போக ஆமை வேகம். அதைவிட மோசம், உறுதி செய்தவர் உடனே பட்டியலிலிருந்து நீங்குவார், பின்னால் இருப்பவர்கள் ஓரிடம் முன்னே நகர்வார்கள். அறுபதைப் படிக்கும்போது அப்படி நடந்தால், அறுபத்தொன்றின் முதல் பெயர் அறுபதின் கடைசிக்கு வந்துவிடும். அடுத்த பக்கம் போகிறவர் அதைப் பார்க்கவே மாட்டார்.

"கடைசியாக் காட்டின பெயரை நினைவுல வச்சுக்கிட்டு அதுக்கப்புறம் இருந்து எடுத்தா ரெண்டு கோளாறும் போயிடும். ஒரு நாள் வேலைதாண்ணே" என்றேன்.

"ஒரு பேரு விட்டுப்போனா என்னடா, உன் மாமனார் பேரா? நாளைக்குத் தொறக்கணும். மூடிட்டு வேலையப் பாரு" என்றார் பெய்பித்.

தளம் திறந்த நான்காம் நாள், எங்கள் ஆபீசைக் கூட்டித் துடைக்கும் ரிஸ்தி அக்கா எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையான பவுர்சாக் ஒரு தட்டோடு என் மேசைக்கு வந்தார். நிலக்கரி அடுப்புப் புகையில் மகளுக்கு மூச்சு வாங்குகிறது, இந்தக் குளிருக்குள் வேறு வீடு வேண்டும் என்று பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்.

"மூணு நாளா போன்ல கடைசிப் பக்கம் வரைக்கும் பாத்துட்டேன் தம்பி, எம்பேரு இல்ல. நீ உள்ள பாக்க முடியுமா?"

பார்த்தேன். இருந்தது. தளத்தின் பதிவுகளின்படி, அவர் அறுபதைப் படித்தபோது அவர் பெயர் அறுபத்தொன்றின் முதலில் இருந்தது; அங்கே போவதற்குச் சற்று முன்புதான் பட்டியலில் மேலே யாரோ உறுதி செய்திருந்தார்கள். நேற்று நள்ளிரவோடு கெடு முடிந்து வீடு அடுத்தவருக்குப் போய்விட்டது.

பெய்பித் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"பேரு இருந்துச்சுக்கா. நீங்கதான் சரியாப் பாக்கல. இத்தனை பக்கம்னா கண்ணு கட்டத்தான் செய்யும். இல்லடா கனாத்?"

என் மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றியது. ஆனாலும், "ஆமாக்கா, நீங்க கவனிக்கல" என்றேன்.

அவர் தன் நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டார். "பாவி, எம்பொண்ணு மூச்சுக்கு நானே எமனாயிட்டேனே!" பிறகு, எங்கள் வேலையைக் கெடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டார். கண் டாக்டரிடம் போக நாளை ஒரு நாள் லீவு வேண்டும் என்றார்.

"நாளைக்கு நகராட்சி ஆளுங்க வர்றாங்க, தரை பளிச்சுனு இருக்கணும்" என்றார் பெய்பித்.

அக்கா தலையாட்டிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.