கை மாறிய பட்டை

லாரி டிரைவரின் அடிவயிற்றில் வேலை செய்துகொண்டிருந்தது அவர் மனைவியின் சிறுநீரகம். வைத்து ஏழு மாதம். கொடுத்தவள் மூன்றாம் மாதமே ஓட்டல் சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். வாங்கிக்கொண்டவர்தான் நாற்காலியை விட்டு அசையவில்லை. தும்மினாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் தும்முவார்.

மூச்சு வாங்க நடந்தால்தான் உடம்பு தேறும் என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண் தலைபாடாக அடித்துக்கொண்டாள். நடையையும் நாடித்துடிப்பையும் பதிவு செய்கிற பட்டை ஒன்றையும் கையில் கட்டிவிட்டாள். மனிதருக்கோ உடம்பு குலுங்கினால் உள்ளே வைத்தது நழுவிவிடும் என்று பயம். அதை யாரிடமாவது வாய்விட்டுக் கேட்டாரா என்றால், அதுதான் இல்லை.

“நீ எப்படியும் நாள்பூரா நடக்கிற. இதை நீ கட்டிக்கோயேன்,” என்றார் மனைவியிடம்.

“கண்டுபிடிச்சிட மாட்டாங்களா?”

“யாரு கைன்னு பட்டைக்கு என்ன தெரியும்?”

அவள் சிரித்துக்கொண்டே கட்டிக்கொண்டு, ஈரத்துணி வண்டியைச் சரிவில் தள்ளினாள். மாதாமாதம் அதைக் காட்டி டிரைவர் கூச்சமில்லாமல் பாராட்டு வாங்கினார்.

போன வாரம் அவள், “ஒருமாதிரி படபடன்னு வருதுங்க. ரெண்டு நாள் லீவு போடட்டுமா?” என்றாள்.

“அடுத்த வாரம் ஆஸ்பத்திரி. இப்பப் போய்க் குறைஞ்சா கேப்பாங்களே,” என்றார் அவர். அவள் லீவு போடவில்லை.

இன்று காலை பட்டையைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டு போனார். பதிவைப் பார்த்த பயிற்சிப் பெண்ணின் முகம் மாறியது.

“ஒன்பது நாளா துடிப்பு தாறுமாறா இருக்கு சார். இதோடவா நடந்தீங்க? உடனே படுங்க.”

“அது நான் இல்லம்மா,” என்றார்.

மனைவியைக் கூப்பிட்டார். அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் அதை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். ஓட்டல் மூன்று தெரு தள்ளி. டிரைவர் ஓடினார். முதல் தெருவில் கை வயிற்றைப் பிடித்திருந்தது, அடுத்த தெருவில் அதுவும் மறந்துபோயிற்று. ஒன்றும் நழுவவில்லை.

சரிவில் வண்டி சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் விரித்த போர்வை மேல் அவளைப் படுக்கவைத்திருந்தார்கள். டிரைவர் விழுந்தடித்து உட்கார்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“துடிக்குது,” என்றார் மூச்சிரைக்க. “நல்லாத் துடிக்குது, பாருங்க.”

சலவைக்கூட மேற்பார்வையாளர் குனிந்து அவர் விரல்களை மெல்ல விலக்கினார்.

“அது உங்க நாடிங்க,” என்றார்.