அக்கா குளிரூட்டிய கார்

அந்தக் கார் வெளிர்நீலம் என்றுதான் எனக்கு நினைவு. அக்கா சாம்பல் நிறம் என்கிறாள். அவள் சொன்னால் அப்படித்தான் இருக்கும். என் நினைவை நானே முழுதாக நம்புவதில்லை. அவள் செய்த வேலை மட்டும் கண்முன் நிற்கிறது.

அத்தானுக்கு நரம்பு நோய். உடம்பு சூடேறினால் கால்கள் துவண்டுவிடும். பகல் முழுக்கப் பயணம் போகும் தூரத்தில் இருந்த அவர்கள் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. வேறு காரென்றால் அவரைத் தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டும். அதற்கு அவர் சம்மதிக்கமாட்டார். அகலக் கதவுள்ள இந்தப் பழைய காரில் மட்டும் தானே ஏறுவார். ஆனால் இதில் ஏசி செத்துப் பல வருடமாகியிருந்தது. அதற்கான பழைய வகை காஸ் எங்கும் கிடைக்கவில்லை. "காரையே மாத்திடுங்க" என்று மெக்கானிக் கைகழுவிவிட்டார்.

அக்கா கணக்கு டீச்சர். புது காஸுக்கு ஏற்ப மாற்றலாம் என்று படித்துத் தெரிந்துகொண்டு, விடுமுறையில் கார் ஷெட்டில் இறங்கினாள். கம்ப்ரசரைக் கழற்றிக் கவிழ்த்துப் பழைய எண்ணெயை வடித்தாள். குழாய்களைக் கழுவினாள். ஈரம் உறிஞ்சும் டப்பாவை மாற்றினாள். இணைப்புகளில் கறுப்பு ரப்பர் வளையங்களை எடுத்துவிட்டுப் புது காஸுக்கான பச்சை வளையங்கள் போட்டாள். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன்.

ஜன்னலிலிருந்து அத்தான் கேட்டார்: "என்ன டாக்டரம்மா, நோயாளி பொழைப்பாரா?"

"யாரு, காரா நீங்களா?"

இரவல் பம்பால் குழாய்க்குள்ளிருந்த காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்தாள். பம்பை நிறுத்தியதும் மீட்டர் முள் அசையாமல் நிற்க வேண்டும். நகர்ந்தால் எங்கோ கசிவு. முக்காலியைப் போட்டு அதன் முன் உட்கார்ந்தவள் வெயில் சாயும்வரை எழவில்லை.

"டேய், முள் ஏறுதுடா."

"மயிரிழைதானேக்கா. காஸ் ஏத்திடலாம்."

"பாதி வழியில கசிஞ்சு போச்சுன்னா உங்க அத்தானை எங்கடா இறக்குறது?"

எல்லாவற்றையும் மறுபடி பிரித்தாள். ஒரு இணைப்பில் மட்டும் பழைய கறுப்பு வளையமே இருந்தது. துடைத்து மாட்டியவள் அவளேதான்.

"புதுசாட்டம் இருந்துச்சுடா. தூக்கிப்போட மனசு வரல" என்று தலையில் குட்டிக்கொண்டாள். எங்கள் குடும்பத்து வியாதி அது. உடைந்த குடைக்கம்பியைக்கூடப் பத்திரப்படுத்துவோம்.

"அதனாலதான் மாப்ள, நானும் இன்னும் இந்த வீட்ல இருக்கேன்" என்றார் அத்தான். அக்கா சிரித்து, கண்ணைப் புறங்கையால் துடைத்தாள்.

அதிலும் பச்சை வளையம் போட்டபின், இரண்டாம் முறை முள் அசையவில்லை. காஸைப் பழைய அளவுக்குக் குறைவாகவே ஏற்றி நிறுத்தினாள்.

"இன்னும் கொஞ்சம் ஏத்தேன்க்கா."

"இதுக்கு இவ்வளவுதான். பேராசைப்பட்டா குளிராது."

அத்தான் கதவைப் பிடித்துத் தானே ஏறி, காற்று வரும் இடத்தில் உள்ளங்கையை வைத்தார். கை குளிர்ந்ததும் அக்கா பக்கம் திரும்பினார்.

"பையை எடுத்து வைடி" என்றார்.

நல்ல வெயிலில் போனோம். மகள் வீட்டு வாசலில் அவரே இறங்கி, நடந்து போய்ப் பேத்தியைக் கையில் வாங்கினார்.

இப்போது அத்தான் சக்கர நாற்காலியில் இருக்கிறார். அக்கா ஓய்வு பெற்றுவிட்டாள். கார் பழைய இரும்புக்குப் போய்விட்டது. பேத்தி பள்ளிக்குப் போகிறாள். நான் அவர்கள் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறேன்.