எழுபத்தாறு தடவை

நான் ஒன்பது பக்கம் எழுதிக்கொண்டு போனதை வக்கீலம்மா சிவப்புப் பேனாவால் அடித்தார். ஒரு வரி, இரண்டு வரி இல்லை, பக்கம் பக்கமாக. இலவச சட்ட உதவி மையம் என்று பலகை மாட்டிய அந்த அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலி, கடகடவென்று சத்தம் போடும் ஒரு மின்விசிறி. எனக்குப் பின்னால் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் என் பத்து வருடத்தை அவர் கோடு போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"மாமியார் பேசினது, வீட்டுக்காரர் தட்டைத் தூக்கி எறிஞ்சது, உங்க அக்காவ மதிக்காதது, எல்லாம் இருக்கு. பிள்ளை எங்கம்மா?"

"கடைசிப் பக்கத்துல இருக்கு."

"ரெண்டு வரி. மகளை என்கிட்ட ஒப்படைக்கணும்னு. அவ எப்போ தூங்குவா, என்ன படிக்கிறா, உடம்புக்கு என்ன, ஒண்ணும் இல்ல. இது உங்க கோபத்துக்கு எழுதின மனு. பிள்ளைக்கு ஒண்ணு எழுதிட்டு வாங்க."

உங்களுக்குப் பிள்ளை இருக்கிறதா என்று கேட்க வாய்வரை வந்தது. இலவசமாக வாதாட வேறு ஆள் கிடைக்காது என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

என் மகளுக்கு ஏழு வயது. வீட்டில் சில்லு என்று கூப்பிடுவோம். ஆறு மாதத்துக்கு முன்னால் புருஷனோடு ஒரு சண்டை. ஒரு நாள் அக்கா வீட்டில் இருந்துவிட்டு வரலாம் என்று போனேன். திரும்பி வந்தபோது கேட்டில் புதுப் பூட்டு. நான் பூட்டை ஆட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் கோர்ட்டுக்கே போய்விட்டான், மனைவி பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று. வழக்கு முடியும்வரை சில்லு அவனிடம், சனிக்கிழமை பத்து மணியிலிருந்து ஐந்து மணிவரை மட்டும் என்னிடம். வாரத்துக்கு ஏழு மணிநேரம் நான் அம்மா.

அதற்குப் பிறகு ஊரில் வக்கீல் இல்லாதவர் யாருமே இல்லை என்று தெரிந்துகொண்டேன். "பொம்பளப் பிள்ளைன்னா அம்மாவுக்குத்தான், சும்மா இரு" என்றார் அக்கா வீட்டு மாமா. "அஞ்சு வயசு தாண்டிட்டா அப்பாவுக்குத்தான்" என்றார் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர். நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். சர்க்கரை மாத்திரை வாங்க வந்த ஒரு தாத்தா, பிள்ளையின் இனிஷியல் யாருடையது என்று கேட்டுவிட்டு, "அப்ப கஷ்டம்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். அக்கா ஒருபடி மேலே போனாள். "ஸ்கூல் விடுறப்ப போய் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துடுடி. பெத்தவளக் கேக்க யாரு இருக்கா?"

எல்லாவற்றையும் வக்கீலம்மாவிடம் கொட்டினேன்.

"ஆளாளுக்கு ஒரு சட்டம் வச்சிருக்காங்க. பிள்ளை எங்க இருந்தா அதுக்கு நல்லதுன்னுதான் கோர்ட் பாக்கும். ஸ்கூல்லருந்து தூக்கிட்டு வந்தீங்கன்னா உத்தரவ மீறினது நீங்க. இருக்கிற சனிக்கிழமையும் போயிடும்." அவர் ஒரு நோட்டை என் பக்கம் தள்ளினார். "ஒவ்வொரு வாரமும் பிள்ளையோட என்ன வருது, என்ன போகுதுன்னு இதுல எழுதுங்க. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். கேட்டுல நின்னு கத்தாதீங்க. கத்துறது எதிலயும் பதிவாகாது, அவர் சொல்லிக் காட்டுறதுக்குத்தான் ஆகும்."

அந்தச் சனிக்கிழமை மாலை நோட்டில் முதல் பக்கம் எழுதினேன். கணக்கு நோட்டு இரண்டு, மாற்று உடை ஒன்று, இன்ஹேலர் புதியது ஒன்று, எண் 120. சில்லுவுக்கு மூச்சிரைப்பு உண்டு. நன்றாக இருக்கும் நாளிலும் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு அழுத்து இழுக்க வேண்டும். குப்பியின் பின்பக்கம் சின்ன ஜன்னல் மாதிரி ஒரு கட்டத்தில் மிச்சம் எத்தனை என்று எண் ஓடும். அவன் நோட்டைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டான்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, புது மனுவோடு வக்கீலம்மா முன்னால் உட்கார்ந்தேன். இந்தத் தடவை நாலு பக்கம், முழுக்க சில்லு. அவர் ஒரு இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"மருந்து யாரு குடுக்குறா?"

"அவங்க அப்பாதான். நாலு வாரத்துக்கு ஒரு தடவை புதுசு நான்தான் அனுப்புறேன்."

"குடுக்குறாருன்னு எப்படித் தெரியும்?"

"நாலு வாரத்துல கிட்டத்தட்ட தீந்துடும்லம்மா. பழச வாங்கிட்டு புதுசு போடுவேன்."

"பழசுல எண் என்ன இருந்துச்சு?"

நான் பார்க்கவே இல்லை. கடையில் பன்னிரண்டு வருடமாக நாள் கணக்குத்தான் எங்களுக்குக் கணக்கு. இந்தத் தேதியில் கொடுத்தால் அந்தத் தேதியில் தீரும், தேதி வந்தால் புதுசு. பையிலிருந்து பழசை எடுத்து, குப்பையில் போட்டு, புதுசை வைத்துப் பழகிய கை. அப்படி ஐந்து குப்பிகளை என் கையாலேயே தூக்கிப் போட்டிருக்கிறேன். அவன்மேல் இருந்த கோபமெல்லாம் அன்றைக்கு என்மேல் திரும்பியது. பஸ்ஸில் நின்றுகொண்டு என் தலையில் நானே அடித்துக்கொண்டேன், பக்கத்தில் இருந்த அம்மாள் நகர்ந்து நின்றாள்.

மறுநாள் சில்லு இருமிக்கொண்டே வந்தாள். கதவைச் சாத்தியதும் பையைத் திறந்தேன். எண் 114. மூன்று வாரத்தில் ஆறே ஆறு அழுத்து. முதலில் அவளை உட்காரவைத்து இரண்டு அழுத்து இழுக்கவைத்தேன். 112. பிறகு குளியலறைக்குள் போய்த் துண்டை வாயில் வைத்துக்கொண்டு கத்தினேன்.

கோர்ட்டில் பத்து நாளில் வாய்தா. இன்னும் ஒரு வாரம் நான் வாயைத் திறக்காமல் இருந்தால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். அந்த நினைப்பு வராமல் இல்லை, வந்தது. ஆனால் அந்த ஒரு வாரம் மூச்சு முட்டப்போவது அவனுக்கு இல்லை, சில்லுவுக்கு. ஐந்து மணிக்கு கேட்டில் நோட்டை நீட்டினேன். "இன்ஹேலர் எண் 112. இன்று 36 இருக்க வேண்டும். தினமும் காலை இரண்டு, மாலை இரண்டு தவறாமல் கொடுக்கவும்."

"நல்லாதானே இருக்கா. சும்மா சும்மா மருந்து மருந்துன்னு" என்றான்.

"நல்லா இருக்கணும்னுதான் அந்த மருந்தே. கையெழுத்துப் போடுங்க."

முகத்தைச் சுளித்துக்கொண்டு போட்டான். நடந்ததை வக்கீலம்மாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன். "கேஸுக்குக் கெடுதல்தான், இனி அவர் உஷாராயிடுவாரு. பிள்ளைக்கு நல்லது பண்ணீங்க. விடுங்க, பாத்துக்கலாம்."

அடுத்த சனிக்கிழமை அவன் முகத்தில் ஒரு தெளிச்சி. குப்பியைப் பையிலிருந்து அவனே எடுத்து என்னிடம் காட்டினான்.

"பாத்துக்கோ. முப்பத்தாறு. நீ எழுதினது அப்படியே இருக்கு."

ஒரு நொடி எனக்கு சந்தோஷம்கூட வந்தது. அப்புறம்தான் உறைத்தது. முப்பத்தாறு போன வாரத்து எண். ஒழுங்காகக் கொடுத்து வந்திருந்தால் இன்று எட்டு இருக்க வேண்டும். நான் சொன்ன பிறகாவது கொடுத்திருந்தால் எண்பத்து நாலு. முப்பத்தாறுக்கு வர ஒரே வழிதான் உண்டு. நோட்டில் பார்த்த எண் வரும்வரை காற்றில் அழுத்தித் தள்ளியிருக்கிறான்.

அந்தக் குப்பியாலேயே அவன் மண்டையில் ஒன்று போட என் கை துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நோட்டைத் திறந்து, "இன்ஹேலர் எண் 36" என்று எழுதி நீட்டினேன். சிரித்துக்கொண்டே, தேதியும் போட்டு, இரண்டு இனிஷியலோடு முழுக் கையெழுத்தாகப் போட்டான்.

பழசை இந்தத் தடவை குப்பையில் போடவில்லை. ஒரு கவரில் வைத்து ஒட்டினேன். ஐந்து மணிக்குப் புதுக் குப்பியோடு சில்லுவைத் திரும்ப அவனிடம் அனுப்பினேன். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். சட்டப்படி நடப்பது என்றால் என்ன என்று அந்தக் கேட்டில் நின்ற ஐந்து நிமிடத்தில் எனக்குத் தெரிந்தது. எந்தப் பெற்றவளுக்கும் அது தெரியவேண்டாம்.

கோர்ட்டில் நீதிபதி நோட்டின் பக்கங்களை மெதுவாகப் புரட்டினார்.

"மருந்து ஒழுங்கா குடுத்தீங்களா?"

"ஒரு வேளைகூட விடலங்க ஐயா. எண்ணே இருக்கு பாருங்க, சரியா முப்பத்தாறு."

"முப்பத்தாறு போன வாரம் இருக்க வேண்டியது. அன்னிக்கு நூத்திப் பன்னிரண்டுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க, இந்த வாரம் எப்படி முப்பத்தாறு?"

அவன் தன் வக்கீலைப் பார்த்தான். அவர் மேசையில் இருந்த ஃபைலைப் பார்த்தார். என் வக்கீலம்மா எழுந்திருக்கக்கூட இல்லை.

வழக்கு முடியும்வரை பிள்ளை தாயிடம், தகப்பனுக்குச் சனிக்கிழமை என்று உத்தரவானது. வழக்கு இன்னும் முடியவில்லை என்று வக்கீலம்மா மூன்று தடவை சொன்னார். நோட்டை நிறுத்தக்கூடாது என்றும் சொன்னார்.

அன்று மாலை சில்லுவுக்கு மருந்தை நீட்டியபோது அவள் வாயைத் திறக்காமல் என்னையே பார்த்தாள்.

"இது எனக்கா, காத்துக்கா?"

"என்னடி?"

"அப்பா டிவி பாத்துக்கிட்டே ஜன்னல் பக்கம் அடிச்சுக்கிட்டே இருந்தாரு. எனக்கு இருமல் வந்துச்சு, எனக்கும் குடுங்கப்பான்னேன். இரு, கணக்கு விட்டுப்போகும்னாரு."

நூற்றுப் பன்னிரண்டிலிருந்து முப்பத்தாறு. எழுபத்தாறு தடவை அழுத்த அவனுக்கு நேரம் இருந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பிள்ளைக்கு அதில் இரண்டு போதும்.