ஏழாவது நரம்பு

திருவனந்தபுரத்தில் புதிதாகத் திறந்த மருத்துவக் கல்லூரியில் உலகம்மையைத் தோற்கடித்தது ஏழாவது நரம்பு. மூளையிலிருந்து நேரே புறப்படும் பன்னிரண்டு நரம்புகளில் முகத்தை அசைப்பது அதுதான். "முகம் ஒரு பக்கம் கோணினால் பழுது நரம்பிலா, மூளையிலா? எப்படிக் கண்டுபிடிப்பாய்?" என்று பேராசிரியர் கேட்டபோது மாற்றிச் சொல்லித் தோற்று, சொந்த ஊரான பூதப்பாண்டிக்கு வந்து சேர்ந்தாள்.

இன்னொரு முறை தோற்றால் படிப்பு போதும் என்று அப்பா தாணுலிங்கம் பிள்ளை அம்மா மூலம் சொல்லியனுப்பினார். அந்த வீட்டில் அவரோடு பேச்செல்லாம் அப்படித்தான் போகும், வரும். பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துப் பேசுவார்கள். மரியாதையாம்! உலகம்மைக்கு அப்பாவின் செருப்பு தெரிந்த அளவுக்கு முகம் தெரியாது.

காலையிலிருந்து நரம்புகளை உருப்போட்டு அலுத்துப்போயிருந்தாள். படித்தது எதுவும் மண்டையில் நிற்கவில்லை. அறுவடை வேலையில் ஓய்ந்துபோன அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, அப்பாவுக்குக் கஞ்சி ஒரு பக்கமா ஒழுகுது. முந்தாநாளே தோள்துண்டிலே கறை பாத்தேன். பல்லுவலின்னு நினைச்சேன்."

"முகத்தைப் பாத்தியாம்மா?"

"முகத்தை எப்பிடிட்டீ பாக்க?"

உலகம்மை புத்தகத்தை மூடினாள். எழுந்து போய், வாழ்க்கையில் முதல்முறையாக அப்பாவுக்கு நேர் எதிரே நின்று நிமிர்ந்து பார்த்தாள். வாய் இடப்பக்கம் தொங்கியிருந்தது. இரண்டு நாளாக இந்த முகத்தோடு அவர் வீட்டுக்குள் நடமாடியிருக்கிறார், ஒருவரும் பார்க்கவில்லை.

தோற்ற கேள்விக்குப் பதில் மட்டும் இப்போது அவளுக்கு மனப்பாடம். அந்தப் பக்கத்துப் பாதி நெற்றியும் சேர்ந்து அசையாமல் செத்திருந்தால் பழுது நரம்பில்தான், பெரும்பாலும் தானே சரியாகிவிடும். நெற்றி மட்டும் தப்பியிருந்தால் பழுது மூளையில்.

"அப்பா, புருவத்தைக் கொஞ்சம் மேலே தூக்குங்க."

"எதுக்கு?" குழறியது.

"வெறுதே, சும்மா... பரீட்சைக்கு."

அசையக்கூடாது, இடப்பக்கம் மட்டும் அசையக்கூடாது என்று அவள் வேண்டாத தெய்வமில்லை. அவர், சொன்னபடி கேட்கும் பிள்ளை மாதிரி புருவத்தைத் தூக்கினார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நெற்றி முழுக்கச் சுருங்கியது.

"சரியாட்டு செஞ்சேனா மக்கா?" என்று கேட்டார். அப்படி அவர் அவளை அழைத்ததே இல்லை.

"செஞ்சிட்டீங்கப்பா," என்று சொல்லிவிட்டு, அழுகையை அடக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டச் சொல்ல ஓடினாள்.