சாமான்கள் படியிறங்கிப் போன செவ்வாய்க்கிழமை

நாகபூசணி எண்ணூற்றுத் தொண்ணூறு யூரோ கொடுத்து ஒரு கட்டிலும் மெத்தையும் வாங்கிய மறுநாள் காலை, ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, வீட்டிலிருந்த மற்றச் சாமான்கள் எல்லாம் தாமாகவே படியிறங்கிப் போயின. முதலில் மேசை போனது. பின்னால் ஒன்றுக்கொன்று சோடி சேராத நாலு கதிரைகள், முகம் பார்க்கும் கண்ணாடி, பிடி ஆடுகிற சட்டி. அவள் புருசன் ஞானசேகரத்தின் கையிலிருந்த கோப்பை தேத்தண்ணியை நிலத்தில் ஊற்றிவிட்டுப் போனது. கட்டிலாக விரிகிற சோபா மட்டும் அவர் எழும்பும்வரை மரியாதையாகக் காத்திருந்தது. அவர்கள் குடியிருந்த கால்சா என்ற பலெர்மோ நகரத்துப் பகுதியில் இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. கீழே மீன் விற்கிறவன் பெட்டிகளை ஒதுக்கி வழிவிட்டான். ஏதோ புனிதரின் ஊர்வலமாக்கும் என்று ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஞானசேகரம் இருபத்தொரு வருடமாக இந்த இத்தாலிய நகரத்தில், வசதியானவர்கள் குடியிருக்கும் ஒரு கட்டடத்தின் வாசல் காவலாளி. அங்குள்ள சிஞ்ஞோராக்கள், வீட்டு அம்மாமார், கழித்துவிடும் எதுவும் குப்பைக்குப் போகமுதல் அவர் கண்ணில்தான் படும்; பிறகு அவர் வீட்டுக்கு வந்துவிடும். இந்த ஊரில் ஒரு கரண்டிகூடக் காசு கொடுத்து வாங்கியதில்லை என்று கலியாண வீடுகளில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமோ என்று கேட்பார். அப்படிப்பட்ட மனிதருக்கு அந்த விலையைக் கேட்டதும் நெஞ்சே அடைத்துவிட்டது.

"எண்ணூற்றுத் தொண்ணூறோ! உமக்கென்ன விசரோ? கண்ணை மூடினாப் பிறகு எல்லா மெத்தையும் ஒண்டுதானே!"

நாகபூசணி நாளுக்கு மூன்று வீடு குனிந்து துடைக்கிறவள். போன மாரியிலிருந்து குசினிக் கதிரையில் இருந்தபடியே நித்திரை கொண்டாள். அது அவளுடைய ஒரு பழக்கம் என்று அவர் நினைத்திருந்தார், பாவி மனிதர். மெத்தை வந்த அன்றும் ரோசத்தில் பழைய சோபாவை விரித்து, வழக்கம்போலச் சுவரோரமாகத் தன் பக்கத்தில் படுத்தார்.

இப்போது வெறும் வீட்டில் நின்று யோசித்தார். மெத்தை வந்ததால்தான் சாமான்கள் கோபித்துக்கொண்டு போயின. மெத்தை போனால் அவை திரும்பி வரும். பதினாலு நாளுக்குள் கடைக்காரர் திருப்பி எடுப்பார்.

"மத்தியானம் கடைக்குப் போன் பண்ணுறன். வான் வந்து ஏத்தட்டும்" என்றார்.

"ஓம், ஏத்தட்டும். அந்த வானிலையே நானும் ஏறிப் போறன்."

"எங்கை?"

"மெத்தை போற இடத்துக்கு."

அவள் பகிடி விடுகிற பெண் அல்ல. அது அவருக்கும் தெரியும். என்றாலும் பற்றுச்சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போனார்.

அங்கே கட்டட வாசலில் சாமான்கள் வரிசையாக நின்றன. யார் வந்தாலும் மேலே அறிவிப்பது காவலாளியின் கடமை. ஒவ்வொரு மணியாக அழுத்தி, சிஞ்ஞோரா, உங்கள் மேசை வந்திருக்கிறது, உங்கள் சட்டி வந்திருக்கிறது என்று அறிவித்தார். ஒருவரும் கதவு திறக்கவில்லை. நாலாம் மாடி சிஞ்ஞோரா எமிலியானா மட்டும் இறங்கி வந்து, சோபாவைக் கண்டு வாயில் கை வைத்தாள்.

"இதிலா இவ்வளவு காலமும் படுத்தீர்கள்? இதன் இடது பக்கக் கம்பி என் புருசனின் முதுகையே முறித்தது. குப்பைக்கு என்றல்லவா தந்தேன்!"

இடது பக்கம் நாகபூசணியின் பக்கம்.

சிஞ்ஞோரா மேலே போனதும் ஞானசேகரம் சோபாவை நடைவழியிலேயே விரித்து, சீருடையோடு அந்தப் பக்கத்தில் படுத்துப் பார்த்தார். கம்பி சரியாக இடுப்பில் ஏறியது. பத்து நிமிடம்கூடத் தாங்க முடியவில்லை. அவள் அதில் போன மாரிவரை பதினாலு வருடம் படுத்திருக்கிறாள். ஐயோ, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று முதலில் அவள்மேல் கோபம் வந்தது. பிறகு, ஒருநாளாவது கேட்டேனா என்ற வெட்கம் வந்து, வாய்விட்டு அழுதார். கடிதம் கொண்டுவந்த பெண் அவரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பெட்டிகளில் கடிதங்களைப் போட்டாள்.

கடைக்கு அவர் போன் பண்ணவில்லை. பின்னேரம் நகரசபை லொறி வந்தபோது சாமான்கள் தாமாகவே ஏறிக்கொண்டன.

வீட்டில் நாகபூசணி துணிப்பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு மெத்தையில் இருந்தாள்.

"வான் எத்தினை மணிக்கு வருது?"

"வராது" என்றார். பிறகு, கலியாணமாகி இருபத்தாறு வருடத்தில் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"உமக்கு எந்தப் பக்கம் வேணும்?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நடு."

மறுநாள் ஒன்பது மணிவரை அவள் எழும்பவில்லை. அதன் பிறகு மாதத்துக்கு ஒன்றாக மேசை, கதிரை, நல்ல கனமான சட்டி எல்லாம் வாங்கினார்கள். அவை எதுவும் படியிறங்கவில்லை. ஞானசேகரம் மெத்தையின் ஓரத்தில், ஒரு சாண் இடத்தில், விழாமல் படுக்கப் பழகிவிட்டார்.