செத்த ஓரம்

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லாரிகளை எடை போடும் மேடையில் செங்கொடிக்கு வேலை. கேபினில் இருந்த டச் ஸ்கிரீனின் கீழ் ஓரம் செத்துவிட்டது. 'பதிவு செய்' பட்டனோ சரியாக அங்கேதான் கிடந்தது. வெளியே லாரிகள் ஹாரன் அடிக்க, முதலாளி குணசேகரன் அவள் தலைக்கு மேல் நின்று கத்துவார்.

"விரல்ல தெம்பே இல்லியா உனுக்கு? நல்லா அமுக்கு!"

"அமுக்கி அமுக்கி நகமே பூட்ச்சு. புது ஸ்கிரீன் வாங்கிக் குடு, இல்லாங்காட்டி கத்தாத மொதலாளி!"

வாங்கித் தர மாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, இரவல் வாங்கிய மவுஸால் கம்ப்யூட்டரின் லினக்ஸ் செட்டிங்ஸைத் திறந்தாள். திரையின் கீழே காலிப் பட்டை ஒன்றைப் போட்டுச் செத்த இடத்தை அடைத்தாள். திரையில் எடை காட்டும் ஜன்னல் மேலே ஏறியது. பட்டன் நடுவுக்கு வந்து, தொட்டதும் வேலை செய்து ரசீது தந்தது.

திரையின் சட்டத்தைத் துடைத்தபோது இடுக்கிலிருந்து காய்ந்த சந்தனம் உதிர்ந்தது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முதலாளி தண்ணீராகக் கரைத்து ஓரத்தில் வைத்த பொட்டு அது.

அந்த வருஷப் பூஜைக்குக் கிண்ணத்தோடு வந்தவரை வாசலிலேயே மறித்தாள்.

"நீ வெச்ச சந்தனந்தான் உள்ள எறங்கி ஓரத்தக் கொன்னுச்சு. இனிமே ஓரத்துல கைய வெக்காத!"

அவர் அவளை முறைத்தபடி உள்ளே போனார். விரலைச் சந்தனத்தில் தோய்த்து, திரையின் நட்டநடுவில் அழுத்தி வைத்தார். காலி மேடைக்குச் சைபர் கிலோ என்று ரசீது கரகரவென வெளியே வந்தது.

குணசேகரன் அதைக் கிழித்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாத்தியா? நான் அமுக்குனா வேல செய்யுது."