கட்டிலுக்கடியில் ஏழு சிலிண்டர்கள்

1

இந்தக் கதையை ஏசி அறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு முகம் சுண்டிப்போகும். இந்த ஏசியைப் பழுதுபார்க்க வந்த ஒரு பெண்ணிடமிருந்து பிறந்த கதை இது. எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"பூமி சூடாகிக்கொண்டிருக்கிறது. நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து நாம் மேலே ஏற்றிய புகை, வெப்பத்தை வெளியேறவிடாமல் போர்வைபோல—" (பள்ளிக்கூடக் கட்டுரை. நிறுத்திவிட்டேன். சொன்னது என்னவோ உண்மைதான்.)

"பனி விழுந்துகொண்டிருந்தது." (மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளியதன் விளைவு. வெளியே நாற்பத்திரண்டு டிகிரி.)

"மூன்று மாடி ஏறி வந்தவர் ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தார்." (இது நடந்தது. இங்கிருந்தே போகலாம்.)

2

குடித்தவரை எல்லோரும் நிதானக்கா என்று கூப்பிடுவார்கள். ஏசி மெக்கானிக். மற்றவர்கள் ஒரு நாளில் ஆறு வீடு முடித்தால் இவர் நான்கு முடிப்பார். அதனால் வந்த பெயர். கடை அவருடைய கொழுந்தனுடையது.

மொட்டை மாடிக்கு நேர்கீழே இருந்த அந்த அறை அடுப்பாக இருந்தது. நிறைமாதமாக இருந்த டீச்சர் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய தம்பி, பனி விழும் நாவலால் அக்காவுக்கு விசிறிக்கொண்டிருந்தான்.

வெளி யூனிட்டைக் கழற்றிப் பார்த்த நிதானக்கா உதட்டைப் பிதுக்கினார். "கம்ப்ரஸர் போயிடுச்சு டீச்சர். மாத்தணும். அதுக்கு முன்னாடி உள்ள இருக்கிற கேஸை எடுக்கணும். அதுக்கே நாப்பது நிமிஷம் ஆகும்."

"எடுத்து என்ன பண்ணுவீங்க?" என்றான் தம்பி.

"சிலிண்டர்ல அடைப்பேன்."

"காத்துல விட்டுட்டா?"

"ரெண்டு நிமிஷம்."

போன் அடித்தது. கொழுந்தன். ஸ்பீக்கரில் போடாமலே அறை முழுக்கக் கேட்டது. "அண்ணி, இன்னும் ஆறு வீடு காத்துக்கிட்டிருக்கு. ஊரே வெந்துக்கிட்டு இருக்கு. திறந்து விட்டுட்டு வாங்க. நம்ம ஒருத்தர் விடுறதுலயா வானம் இடியப் போகுது?"

"இடியாது. இன்னும் கொஞ்சம் சூடாகும். அப்புறம் இன்னும் ஆறு பேரு உனக்கு போன் பண்ணுவாங்க. உனக்கு வியாபாரம்தான், வை போனை."

(இந்தப் பதிலை நான் மெருகேற்றவில்லை. மெருகேற்றினால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.)

3

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு நல்லவரை யார் நம்புவார்கள்? கதைக்கு உதவட்டுமே என்று ஒரு குறை தேடினேன். நான் சிரமப்படவே வேண்டியிருக்கவில்லை, அவரே சொன்னார்: "பதினோரு வருஷம் நானும் காத்துலதான் விட்டேன்."

பிறகு ஒரு நாள் பயிற்சி வகுப்பு. அந்த கேஸ் ஒரு கிலோ, கரியமில வாயு இரண்டாயிரம் கிலோ செய்கிற வேலையைச் செய்யும் என்று பலகையில் எழுதினார்களாம். ஒரு வீட்டு ஏசியைத் திறந்துவிட்டால், ஒரு கார் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடிய கணக்கு.

"நான் பஸ்ல போறவ தம்பி. என்னைப் போய் கார்க்காரி ஆக்கிட்டாங்களேன்னு ஒரே ஆத்திரம். அன்னிக்கே சிலிண்டர் கேட்டு வாங்கிட்டேன்."

ஞானோதயம் எப்படி வரும் என்று ஆயிரம் பக்க நாவல்களில் தேடியிருக்கிறேன். பஸ் கோபத்தில் வரும் என்று எங்கேயும் படித்ததில்லை.

4

டீச்சருக்குத் தலை சுற்றியது. நிதானக்கா கேஸ் உறிஞ்சும் மிஷினை மாட்டிய கையோடு அவரைத் தாங்கிப் பிடித்தார்.

"கீழ்வீட்டுல ஏசி ஓடுதே. அங்க போய் உக்காரலாமா?"

டீச்சரும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கீழ்வீட்டம்மா பேசி இரண்டு வருடமாகிறது. இவர்கள் ஏசித் தண்ணீர் அவர் காயப்போட்ட துணியில் சொட்டியதில் ஆரம்பித்த சண்டை.

நிதானக்கா டீச்சரைக் கைத்தாங்கலாகக் கீழே கூட்டிப்போய்க் கதவைத் தட்டினார். கீழ்வீட்டம்மா கதவைத் திறந்து, டீச்சரின் வயிற்றைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"என் வீட்டுத் துணிய நனைச்சதுக்கு இன்னும் ஒரு மன்னிப்புகூட வரல" என்றார். "உள்ள வா. செருப்பு கிடக்கட்டும், முதல்ல உக்காரு. ஏன்டி, இப்படி வேகற வரைக்குமா கூப்பிடாம இருப்ப?"

(இந்த இடத்தில், வெயில் காலத்தில் ஊர்தோறும் குளிர்ந்த பொது அறைகள் திறப்பது, கூரைகளுக்கு வெள்ளையடிப்பது, மரநிழல் கூட்டுவது ஆகியவை பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கீழ்வீட்டம்மா கதவைத் திறந்த வேகத்துக்கு முன்னால் அது மூச்சு வாங்கியது. எடுத்துவிட்டேன். ஆனாலும் எல்லா மாடிக்கும் ஒரு கீழ்வீட்டம்மா வாய்ப்பதில்லை. அதற்குத்தான் அரசாங்கம் என்று ஒன்று.)

5

மேலே மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. முந்தைய வீடுகளில் பிடித்த கேஸோடு சிலிண்டர் தராசின் மேல் நின்றது. அதை ஐந்தில் நான்கு பங்குதான் நிரப்பலாம். மீறினால், வெயிலில் வெடித்துவிடும். எண் ஏற ஏற நிதானக்காவின் முகம் மாறியது. பாதி கேஸ் இன்னும் யூனிட்டுக்குள் இருக்கும்போதே எண் எல்லையைத் தொட்டது. மிஷினை அணைத்து, வால்வை மூடினார்.

"வேற சிலிண்டர்?" என்றான் தம்பி.

"வீட்டுல ஏழு இருக்கு. கட்டிலுக்கடியில. ஏழும் ரொம்பிடுச்சு."

பிடித்துவைத்த கேஸை வாங்கிச் சுத்தம்செய்யவோ அழிக்கவோ அந்த ஊரில் இடமில்லை. காற்றில் விடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. பிடித்ததை எங்கே கொடுப்பது என்று அதில் ஒரு வரி இல்லை. விற்கிற கம்பெனியே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், ஊருக்கொரு சேகரிப்பு மையம் வேண்டும் என்று அவர் மூன்று மனு கொடுத்திருக்கிறார். 'பரிசீலனையில் உள்ளது' என்று மூன்று பதில். கணவர் சொல்வாராம்: "பெத்த பிள்ளைங்கள இப்படிப் பொத்திப் பாத்துக்கிட்டதில்ல நீ."

போன் மறுபடி அடித்தது. "அண்ணி, இன்னிக்கு முடிக்கலைன்னா நாளையிலேர்ந்து வேற ஆளைப் போட்டுடுவேன். விளையாட்டுக்குச் சொல்லல."

நிதானக்கா போனை அணைத்து யூனிட்டின் மேல் வைத்தார்.

இப்போது முடிவு. எழுதிக் கிழித்தவை: (அ) அவர் திறந்துவிடுகிறார். யாரும் குறைசொல்ல முடியாது. என் பேனாதான் நகரவில்லை. (ஆ) சேகரிப்பு மையத்தின் லாரி தெருமுனையில் திரும்புகிறது. (சிரிக்காதீர்கள். எந்த ஊரிலாவது திரும்பத்தான் போகிறது.) (இ) மற்ற மெக்கானிக்குகள் ஆளுக்கொரு காலி சிலிண்டரோடு படியேறி—

இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

6

அந்தத் தம்பி நான்தான். 'காத்துல விட்டுட்டா?' என்று கேட்ட வாய் இதுதான்.

நிதானக்கா ஸ்பேனரை என் கையில் கொடுத்தார். "ரெண்டு தெரு தள்ளி இன்னொரு மெக்கானிக்கிட்ட காலி சிலிண்டர் இருக்கும். நான் சண்டை போட்டுப் பேச்சை விட்ட ஆளு. கீழ்வீட்டம்மாவே கதவைத் திறந்துட்டாங்க, அவர் திறக்காமலா போயிடுவாரு? நான் வர்ற வரைக்கும் இத யாரும் தொடாம பாத்துக்கோங்க தம்பி."

நாற்பத்திரண்டு டிகிரியில் படியிறங்கி ஓடினார். அந்தப் பெயருள்ளவர் ஓடி அன்றுதான் பார்த்தேன்.

அரை மணி நேரம் ஆகிவிட்டது. கீழேயிருந்து அக்கா கூப்பிடுகிறாள்: "டேய், இன்னும் எவ்வளவு நேரம்டா?" அவர் மறந்துவைத்துவிட்டுப்போன போனும் அடிக்கிறது. கொழுந்தன்தான். வால்வு என் எதிரே இருக்கிறது. இடது பக்கம் ஒரு சுற்று. சத்தம்கூடப் பெரிதாக வராது, நிறமில்லை, மணமில்லை. சிலிண்டரோடு அவர் வந்து பார்த்தால், தானாகக் கசிந்துவிட்டது என்று சொல்லலாம். நம்புவார். என்னை நம்பித்தானே கொடுத்தார்?

கை வியர்க்கிறது. ஸ்பேனர் வழுக்குகிறது. இதைக் கொஞ்சம் பிடியுங்கள். படியில் காலடி கேட்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.